மச்சினன் உதைக்காத உதை

பேக்கரி மாஸ்டருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், உடம்புக்கு என்ன வந்தாலும் அதற்குத் தானே பெயர் வைத்துவிடுவதுதான். தோள்பட்டை வலித்தால் வாயு. முழங்கால் வீங்கினால் நீர் கோத்திருக்கிறது. மணிக்கட்டு திரும்பவில்லையென்றால் சுளுக்கு. இந்த மூன்றில் அடங்காத கோளாறு மனித உடம்பில் கிடையாது என்பது அவர் முடிவு. காயம் பெரிதா சிறிதா என்று பார்க்க ஓர் அளவுகோலும் வைத்திருந்தார். ரொம்ப வலித்தால் பெரிய அடி, வலி குறைந்துவிட்டால் சின்ன அடி. எவ்வளவு சுலபம் பாருங்கள்! இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு போனவர் தன் வலது காலையே கிட்டத்தட்டக் கோட்டை விட்டிருப்பார். விடாமல் காப்பாற்றியவன் அவர் மனைவியின் தம்பி.

அந்தப் பேக்கரி ஒரு நீளமான கூடம். ஒரு கோடியில் மாவு பிசையும் மிக்சர், மறுகோடியில் மூன்றடுக்கு அடுப்பு. நடுவில் தகரம் போர்த்திய மேஜைகளும், சக்கரம் வைத்த ட்ரே வண்டிகளும். மிக்சர் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்வதுகூடக் காதில் விழாது. கையில் கொதிக்கக் கொதிக்க ட்ரேயோடு வருகிறவன் "வழி, வழி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. அதனால் மாஸ்டர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பின்னால் வருகிறவன் தன் ஷூ நுனியால் முன்னால் நிற்பவரின் குதிகாலில் மெல்ல ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டுப் பட்டவர் திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடுவார். திரும்பினால்தான் முழங்கை ட்ரேயில் பட்டுச் சுட்டுக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மாஸ்டர் முதலில் கற்றுக்கொடுப்பது மாவு உருட்டுவதை அல்ல, இந்தத் தட்டைத்தான்.

மச்சினனும் அந்தத் தட்டில் தேறியவன். கல்யாணம் ஆகாதவன், அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். அத்தானோடு ஒரே ஸ்கூட்டரில் வேலைக்கு வந்து ஒரே ஸ்கூட்டரில் திரும்புவான். ஆள் பேச மாட்டான், வேலை பேசும். ஆனால் அன்றைக்குக் காலையில் பன் ட்ரேக்களைக் கொஞ்சம் சீக்கிரமாக வெளியே இழுத்துவிட்டான். மேலே நிறம் வந்திருந்தது, உள்ளே மாவு வேகவில்லை. மாஸ்டருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டியும் வந்தது.

"கண்ணை எங்கடா அடகு வெச்ச? உங்க அக்கா முகத்துக்காகப் பார்க்கிறேன். இல்லைன்னா என்னிக்கோ வெளியில அனுப்பியிருப்பேன்!"

இதை முதலாளி காதில் விழும்படி சொன்னதுதான் அதிகம். மச்சினன் முகம் சிவந்து போனது. அடுத்த ட்ரேயை எடுக்கப் போனான்.

கொஞ்ச நேரத்தில், ரொட்டி ஏற்றிய வண்டியொன்றின் சக்கரம் அடுப்புக்கு முன்னால் தரையிலிருந்த சாக்கடை மூடியின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. மாஸ்டர் இரண்டு கைகளாலும் வண்டியைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, வலது காலின் விரல்களைத் தரையில் ஊன்றி ஒரே மூச்சாகத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. அதே நொடியில் அவர் குதிகாலுக்கு மேலே, பின்பக்கமாக, யாரோ ஓங்கி ஓர் உதை விட்டார்கள். 'டப்' என்று சத்தம்கூடக் கேட்டது. மாஸ்டர் வண்டியைப் பிடித்தபடியே முட்டி போட்டு விழுந்தார். விழுந்த வேகத்தில் திரும்பிப் பார்த்தார். பின்னால் மச்சினன் கையில் ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"உதைச்சிட்டியாடா என்னை!"

"அத்தான், நான் இங்க நிக்கிறேன். என் கால் அங்க எப்படி எட்டும்?"

"தட்டுன்னு சொல்லிக் கொடுத்தா உதைக்கிறியா? காலையில திட்டினதுக்குப் பழி தீர்த்துக்கிட்டியா?"

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். மிக்சரை நிறுத்திவிட்டு மிக்சர் அண்ணன் வந்தார். அந்த இயந்திரத்தை ஓட்டுகிற பெரியவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நான் இந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தேன், ஒண்ணும் பார்க்கலையே" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். முதலாளி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க மாஸ்டர்" என்று சொல்லிப் போய்விட்டார்.

முதல் நாள் நல்ல வலி. கணுக்கால் புசுபுசுவென்று வீங்கியது. மனைவி துணியில் ஐஸைக் கட்டி வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாங்க" என்றாள்.

"உதைக்கெல்லாம் யாராவது படம் எடுப்பாங்களா? சுளுக்குதான். ரெண்டு நாள்ல ஓடிடும்."

அவர் சொன்னபடியே இரண்டு நாளில் வலி பெரும்பாலும் போய்விட்டது. வீக்கமும் வடிய ஆரம்பித்தது. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பாதத்தை மேலும் கீழும் அசைத்துக் காட்டி, "பாரு, ஆடுது. எலும்பு உடைஞ்சிருந்தா ஆடுமா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் வேலைக்கே போய்விட்டார்.

ஆனால் நடை சரியில்லை. வலது பாதத்தைத் தரையில் தட்டையாகப் பதித்து, பின்னாலிருந்து உந்தாமல் அப்படியே தூக்கித் தூக்கி வைத்தார். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து நிறுத்தி இளைப்பாறினார். மேல் அடுக்கு அடுப்பில் ட்ரே வைக்கக் குதிகாலைத் தூக்கி எம்ப வேண்டும். அவரால் எம்ப முடியவில்லை. ஒரு சின்ன முக்காலியைக் கொண்டுவந்து போட்டு அதில் ஏறி வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம், "என் மச்சினன் கொடுத்த பரிசு" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார். பால் கொண்டுவந்து தருபவர், எதிர்வீட்டுத் தையல்காரம்மா, வாரம் ஒருமுறை ஃபோன் செய்யும் மாமியார் என்று ஒருவர் விடாமல் செய்தி போய்ச் சேர்ந்தது. மாமியார் ஃபோனிலேயே அழுதாள்.

வீட்டில் பேச்சுவார்த்தை அறுந்தது. மாஸ்டரும் மச்சினனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முழ தூரத்தில் இருப்பவனுக்குச் செய்தி சொல்ல மாஸ்டர் சமையலறையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் தம்பியைத் தண்ணிச் செம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

மச்சினன் செம்பைத் தள்ளினான்.

"காலால தள்ள வேண்டாம், கையால தள்ளினா போதும்னு சொல்லு."

கையால்தான் தள்ளியிருந்தான். மனைவி கரண்டியோடு வாசற்படியில் நின்று, இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் கூடப்பிறந்தவன் என்று பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி பொய் சொல்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். புருஷனும் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் உதைத்தது யார்? இந்தக் கணக்கு அவளைத் தூங்கவிடவில்லை.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்த மாஸ்டர் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டார். கட்டில் குட்டை, ஆள் நெட்டை. பாதங்கள் இரண்டும் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கின. துணி எடுக்க உள்ளே வந்த மச்சினன் அதைப் பார்த்து நின்றுவிட்டான். இடது பாதம், தூங்குகிற எல்லோருக்கும் இருப்பதுபோல, விரல் நுனி கொஞ்சம் நீண்டு சாய்ந்திருந்தது. வலது பாதம் அப்படி இல்லை. நேராக, செங்குத்தாக, யாரோ கொண்டுவந்து மாட்டி வைத்த பொருள்போலத் தொங்கியது. குனிந்து பார்த்தான். குதிகாலுக்கு மேலே, இடது காலில் கயிறுபோலத் திரண்டு நின்ற இடத்தில், வலது காலில் ஒரு பள்ளம்.

அவன் வைத்தியம் படித்தவன் அல்ல. ஒரு ஜோடியாக இருக்க வேண்டியவை ஜோடியாக இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.  அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் பார்த்தாள், முகம் வெளுத்துப் போனாள்.

மாஸ்டர் எழுந்ததும் அவள் பேச்சை எடுத்தாள். "உங்க கால் ஒரு மாதிரியா இருக்குங்க. குதிகாலுக்கு மேல பள்ளம் விழுந்திருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"யார் கண்டுபிடிச்சது?"

"தம்பிதான் பார்த்தான்."

"பார்ப்பான், பார்ப்பான். எங்க உதைச்சோம்னு உதைச்சவனுக்குத்தானே தெரியும்!"

"கால் போயிடுமோன்னு பயமா இருக்குங்க. பிடிவாதம் பண்ணாதீங்க."

மாஸ்டர் கூடத்தில் இருந்தவனுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "நான் வர்றேன். வரமாட்டேன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு. உன் தம்பி பேக்கரியில எல்லார் முன்னாலயும் நின்னு, 'ஆமா, நான்தான் உதைச்சேன்'னு ஒத்துக்கட்டும். ஒத்துக்கிட்ட அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். அதுவரைக்கும் இந்தக் கால் எந்த ஆஸ்பத்திரி வாசப்படியும் மிதிக்காது."

அவர் மனத்தில் கால் ஒரு பொருட்டாகவே இல்லை. தன் வார்த்தை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல மனுஷன், கை சுத்தம், மனசு சுத்தம், வாய் மட்டும் யார் பேச்சையும் கேட்காது. அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் யாராலும் திருப்பி உள்ளே அனுப்ப முடியாது.

மறுநாள் காலையில் முதல் ட்ரே உள்ளே போய் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில், மச்சினன் நேராக மிக்சரிடம் போய் அதை நிறுத்தச் சொன்னான். கூடம் அமைதியாயிற்று. முதலாளி தலையை நீட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றான்.  "அன்னைக்கு அத்தானை உதைச்சது நான்தான். கோபத்துல உதைச்சிட்டேன். பயத்துல, நான் இல்லைன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க அத்தான்."

மாஸ்டருக்கு அந்த நிமிஷத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 'நான் சொன்னேனா இல்லையா' என்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மிக்சர் அண்ணன் முன்னால் வந்தார். "நான் அன்னைக்கே என் கண்ணால பார்த்தேன். குடும்ப விஷயமாச்சேன்னு வாயைத் திறக்கலை" என்றார். ஒன்றும் பார்க்காத மனுஷருக்கு இப்போது கண்பார்வையே வந்துவிட்டது.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "அடுப்புக்கு முன்னால நிக்கிற ஆளைப் பின்னாலேருந்து உதைச்சிருக்கே. அவர் அடுப்புக்குள்ள விழுந்திருந்தா? கோபம் வந்தா காலை நீட்டுறவனை நான் இங்க வெச்சுக்க முடியாது தம்பி. நாளையிலேருந்து வராதே."

மாஸ்டர் இதை எதிர்பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் என்ன சொல்வது? இவ்வளவு நாள் ஊரெல்லாம் சொன்னதே அவர்தானே. மச்சினன் தலையாட்டினான். ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தான்.

"சரி முதலாளி. அத்தானை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவரை மட்டும் அனுப்புங்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது மாஸ்டர் ஜெயித்த ஆள்போலத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கொஞ்ச தூரம் போனதும், "முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று முதுகைப் பார்த்துச் சொன்னார். பல நாளைக்குப் பிறகு மச்சினனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். மச்சினன், "அதை அப்புறம் பார்க்கலாம் அத்தான், கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றான்.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. தலை நரைத்தவர், வாய் நிறையச் சிரிப்பு. மாஸ்டர் நடந்து வந்ததைப் பார்த்த உடனேயே சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "குப்புறப் படுங்க. பாதம் ரெண்டும் கட்டிலுக்கு வெளியே இருக்கட்டும்" என்றார். மாஸ்டர் படுத்தார். முகம் கட்டிலின் தலைமாட்டு விளிம்பைத் தாண்டித் தொங்கியதால் அவருக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. தரையும், சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சினனின் மாவு படிந்த ஷூக்களும்.

டாக்டர் இடது காலின் ஆடுசதையைக் கையால் அமுக்கினார். "உங்க பாதம் அசையுது பாருங்க. நீங்க அசைக்கலை, சதை இழுக்குது." பிறகு வலது ஆடுசதையை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். பாதம் சும்மா கிடந்தது.

"இது நடந்தப்போ யாரோ பின்னாலேருந்து ஓங்கி உதைச்ச மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"மாதிரி என்ன டாக்டர்! உதைச்ச ஆளு அதோ பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். இன்னைக்குக் காலையிலதான் ஒத்துக்கிட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒத்துக்கிட்டாரா? இந்த நாண் அறுந்து வர்றவங்க பெரும்பாலும் இதைத்தான் சொல்வாங்க. பூப்பந்து விளையாடுறவங்க கூட ஆடுறவங்களோட சண்டைக்குப் போயிட்டு வருவாங்க. ஒரு அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அறுந்துபோச்சு. பின்னால வந்தவரை அறைஞ்சிட்டுத்தான் கீழ உட்கார்ந்தாங்களாம். யாரும் உதைக்கிறது இல்லைங்க. குதிகால் எலும்பையும் ஆடுசதையையும் சேர்த்துக் கட்டுற பெரிய நாண் இது. அது படார்னு அறுந்தா உதை வாங்கின மாதிரியே இருக்கும், சத்தம்கூடக் கேட்கும். நீங்க அப்போ என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

"வண்டி சிக்கிக்கிச்சு. விரலை ஊனித் தள்ளினேன்."

"அதேதான். உங்க உதை உங்களுக்கே."

 டாக்டர் விளக்கினார். சுளுக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் எத்தனையோ தரம் இருக்கிறது. நார் கொஞ்சம் இழுபட்டால் ஐஸும் ஓய்வும் போதும். பாதி கிழிந்தால் கட்டுப் போட வேண்டும். முழுக்க அறுந்துபோனால் விஷயமே வேறு. "இதுல ஏமாத்துற சமாச்சாரம் என்னன்னா, பாதி கிழிஞ்சது உயிர் போற மாதிரி வலிக்கும். முழுசா அறுந்தது கொஞ்ச நாள்ல வலியே இல்லாம இருக்கும். இழுத்து வலிக்க அங்க எதுவும் சேர்ந்து இருந்தாத்தானே? வலி போச்சு, சரியாப் போச்சுன்னு நினைச்சு வருஷக்கணக்கா நொண்டுறவங்க உண்டு. நீங்க இன்னும் ஒரு மாசம் தள்ளியிருந்தா ரெண்டு முனையும் சுருங்கி விலகிப் போயிருக்கும். அப்புறம் குதிகாலைத் தூக்கி நிக்கிறது ரொம்பக் கஷ்டம். இப்ப தைச்சுடலாம். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்திருக்காங்க."

மாஸ்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவு படிந்த ஷூக்கள் அசையாமல் இருந்தன. அன்றைக்கு மச்சினன் எங்கே நின்றான் என்று யோசித்தார். ஐந்தடி தள்ளி நின்றான். கையில் பன் நிறைந்த ட்ரே. அந்த ட்ரேயிலிருந்து ஒரு பன்கூடக் கீழே விழவில்லை. ஒருவரை ஓங்கி உதைத்தவன் கையில் ட்ரே இப்படியா அசையாமல் இருக்கும்? பேக்கரியில் பாதி ஆயுள் கழித்தவருக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். மனசு குளிர்ந்தால்தான் அப்படிக் கூப்பிடுவார்.

ஷூக்கள் எழுந்து பக்கத்தில் வந்தன. "சொல்லுங்க அத்தான்."

"நீ உதைக்கலையேடா."

"இல்லை அத்தான்."

"அப்புறம் எதுக்குடா ஒத்துக்கிட்டே?"

"ஒத்துக்கிட்டாத்தான் வருவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். மாஸ்டருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குப்புறப் படுத்திருந்ததால் கண்ணீர் நேராகத் தரையில் சொட்டியது. டாக்டர் பயந்துபோய், "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லைம்மா, வலிக்கலை" என்று விக்கினார் மாஸ்டர். "வலிக்கவே இல்லை. அதுதான் கஷ்டமா இருக்கு."

மறுநாளே ஆபரேஷன் ஆயிற்று. நாணைத் தைத்து முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். பேக்கரிக்காரனுக்கு மாவாலேயே கட்டு என்று பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. மனைவி கொடுத்த கஞ்சியை ஸ்பூனால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எல்லாம் தெரியும். ஒத்துக்கப் போறேன்னு முதல் நாளே என்கிட்ட வந்து சொன்னான். வேண்டாம்டான்னு சொன்னேன். செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா காலம் பூரா உன்னை அத்தானை உதைச்சவன்னுதான் சொல்வாங்க, பொண்ணுகூடக் கிடைக்காதுன்னு சொல்லிப் பார்த்தேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"பேர் போனா மெதுவா திருப்பி வாங்கிக்கலாம் அக்கா, அத்தான் கால் போனா எங்க போய் வாங்குறதுன்னான்."

மாஸ்டர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். தன்னைப் பெற்றவர்கள்கூடத் தனக்காக இப்படிச் செய்திருப்பார்களா என்று நினைத்தார். அவனை எல்லோர் முன்னாலும் எப்படியெல்லாம் பேசினோம், சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று நினைத்தார். நன்றி என்பது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. மாவு மூட்டை எத்தனையோ தூக்கியிருக்கிறார், இதைத் தூக்கத் தெரியவில்லை.

முதலாளிக்கு ஃபோன் செய்தார். "அவன் உதைக்கலை முதலாளி" என்றார். முதலாளி இரக்கத்தோடு, "மச்சினன்னு விட்டுக்கொடுக்கிறீங்க, புரியுது மாஸ்டர். ஆனா அவனே ஒத்துக்கிட்டான், மிக்சர் அண்ணன் கண்ணால பார்த்திருக்காரு. நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டார். பழியைப் போடும்போது வாயசைத்தால் போதுமாக இருந்தது. எடுக்கப் போனால் யாரும் காது கொடுக்கவில்லை.

அதன் பிறகு மாஸ்டர் செய்ததைப் பார்த்து ஆஸ்பத்திரியே கொஞ்சம் குழம்பிப்போனது. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடம், "என் மச்சினன் என்னை உதைக்கலைம்மா" என்றார். தரை துடைக்க வந்தவரிடம் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த உறவினர்களை நிறுத்தி வைத்து முதலிலிருந்து சொன்னார். உதைத்தான் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் உதைக்கவில்லை என்று ஒருவர் இப்படித் தலைகீழாக நின்றால் என்ன நினைப்பார்கள்? "பாவம், நல்ல அடி போலிருக்கு" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மச்சினன் வெட்கத்தோடு, "போதும் அத்தான், தெரியாதவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடப் போகுது" என்று கெஞ்சினான். மாஸ்டர் கேட்கவில்லை. மாமியாருக்கு ஃபோன் போட்டு, "உங்க பிள்ளை தங்கம் அத்தை, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். மாமியார் மறுபடியும் அழுதாள். இந்த முறை அது வேறு அழுகை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிற வழியில், ஆட்டோவைப் பேக்கரி வாசலில் நிறுத்தச் சொன்னார். மச்சினன் வேண்டாம் என்றான். தையல் இன்னும் பிரிக்கவில்லை, காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாஸ்டர் கேட்டால்தானே! இரண்டு ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி உள்ளே போனார். மச்சினன் வாசலைத் தாண்டவில்லை. வராதே என்று சொன்ன இடத்துக்குள் எப்படி வருவான்? தெருவிலேயே ஆட்டோ பக்கத்தில் நின்றுவிட்டான்.

மாஸ்டர் கையைத் தூக்கினார். மிக்சர் நின்றது.

"இந்தக் கால்ல இருந்த நாண் தானா அறுந்துபோச்சு. வண்டியைத் தள்ளும்போது அறுந்துச்சு. யாரும் உதைக்கலை. யாரோ உதைச்ச மாதிரி இருக்கும்னு டாக்டரே சொன்னாங்க. நம்பலைன்னா போய்க் கேட்டுக்குங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் மச்சினன் செய்யாததைச் செஞ்சேன்னு உங்க முன்னால சொன்னான். எதுக்குத் தெரியுமா? அப்படிச் சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்னு நான் வீம்பு பிடிச்சேன். அவன் பேரைக் கொடுத்து என் காலை வாங்கினான். அவன் அன்னைக்குப் பொய் சொல்லலைன்னா நான் ஆயுசுக்கும் நொண்டி. அவ்வளவுதான். அவனுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியலை. முதல்ல இதைச் சொல்லணும்னு வந்தேன்."

 எல்லோர் கண்ணும் மிக்சர் அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் மாவு ஒட்டாத கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு கொஞ்ச நாளாவே மங்கல்தான்" என்றார்.

முதலாளி எழுந்தார்.  நேராக வாசலுக்குப் போய்த் தெருவில் இறங்கி, மச்சினன் முன்னால் நின்றார். சாதாரணமாக யாரிடமும் இறங்கிப் பேசாத மனுஷர், அன்றைக்குக் கொஞ்சம் தடுமாறினார்.

"தம்பி, விசாரிக்காம அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். மனசுல வெச்சுக்காதே. நீ நாளையிலேருந்து…"

மச்சினன் அவர் சொல்வதைக் கவனிக்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பதற்றம்.

"அதெல்லாம் இருக்கட்டும் முதலாளி. அத்தான் இவ்வளவு நேரமா நின்னுட்டே இருக்காரு. காலைத் தொங்கப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. முதல்ல யாரையாவது ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

 முதலாளி தானே உள்ளே ஓடித் தன் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். மாஸ்டர் உட்கார்ந்தார். மச்சினன் வாசலைத் தாண்டி வந்து, ஒரு காலி ட்ரே வண்டியை இழுத்து, அத்தானின் கட்டுப்போட்ட காலை இரண்டு கைகளாலும் மெல்லத் தூக்கி அதன்மேல் வைத்தான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை.